புள்ளிக்காரரின் நாக்கு

காலையில் முதல் வாய்த் தண்ணீரைத் துப்பிய பிறகுதான் அவர் யாரையும் "வாங்க" என்பார். அதற்கு முன்னால் கடைவாசலில் யார் வந்து நின்றாலும் கையால் 'இரு' என்று ஒரு சைகை. அவ்வளவுதான் மரியாதை. முந்தின நாள் சாயங்காலம் நிரப்பி வைத்த சுரைக்குடுக்கை ஒன்றை எடுப்பார். அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டு, கன்னத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உருட்டுவார். கண்ணை மூடுவார். பிறகு சாக்கடையோரம் குனிந்து துப்புவார். துப்பின கையோடு பெரும்பாலும் ஒரு திட்டு வரும். "இன்னும் போகல, சனியன்." அந்தக் குடுக்கையில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு அடுத்ததை எடுப்பார்.

சனியன் என்பது கசப்பு. முற்றிய சுரைக்காயைக் காயவைத்தால் ஓடு கல் மாதிரி ஆகிவிடும். ஆனால் உள்ளே ஒட்டியிருக்கும் சோற்றுப்பகுதியில் கசப்பு ஒளிந்துகொண்டிருக்கும். அது சாதாரணக் கசப்பு இல்லை. தெரியாமல் குடித்தவனைக் குடலைப் பிடுங்கிப் போடுகிற மாதிரி வாந்தியெடுக்க வைக்கும். காயில் ஓட்டை போடவும் விதையை எடுக்கவும் யாருக்கும் வரும். கசப்பு போய்விட்டதா இல்லையா என்று சொல்வதற்குத்தான் ஆள் வேண்டும். இந்தத் தெருவில் அந்த ஆள் அவர்தான்.

போய்விட்டது என்று அவர் நாக்கு சொன்ன அன்று, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, குடுக்கையின் கழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைப்பார். மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு சுட்ட புள்ளி. கல் உடைக்கிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், மின்கம்பம் நடுகிறவர்கள், நாளெல்லாம் வெயிலில் நிற்கிற யாராக இருந்தாலும் குடுக்கையை வாங்கியதும் முதலில் அந்தப் புள்ளியைத்தான் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார்கள். அதனால் அவர் பெயர் புள்ளிக்காரர். சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் பத்திரமாக இருக்கிறது.

கடை என்றால் பத்தடிக்கு எட்டடி. விட்டத்தில் முப்பது நாற்பது காய்கள் காம்போடு தொங்கும். காயக் காய அவற்றின் தோலில் சாம்பலும் பச்சையுமாகப் பூசணம் பூக்கும். புதிதாக வருகிறவர்கள் அழுகிவிட்டது என்று மூக்கைப் பொத்துவார்கள். "அழுகினது உன் மூளை" என்று ஆரம்பிப்பார். நான்கு மாதம் கழித்துக் காயைக் காதருகே வைத்துக் குலுக்கினால் விதை கடகடவென்று பேச வேண்டும். அப்புறம் பூசணத்தைச் சுரண்டி, கழுத்தை ரம்பத்தால் அறுத்து, வளைத்த கம்பியால் விதையை இழுத்து, தண்ணீர் ஊற்றி மூன்று நாள் ஊறப் போடுவார். ஊறிய சோற்றைப் பிரிக்க ஒரு கைப்பிடி கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கு குலுக்கென்று குலுக்குவார். அந்தச் சத்தத்துக்கு எதிர்க்கடைப் பஞ்சர்க்காரர் கூடத் தலையைத் தூக்க மாட்டார். பழகிவிட்டது. அதற்குப் பிறகு தினம் ஒரு தண்ணீர் மாற்ற வேண்டும். நல்ல காய்க்கு ஏழு தண்ணீர். கெட்ட காய்க்கு நாக்கு சொல்லும்வரை.

சிலர் இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாமென்று உள்ளே மெழுகை உருக்கி ஊற்றிவிடுகிறார்கள். மெழுகு கசப்பை மூடி மறைத்துவிடும். அந்தப் பேச்சை எடுத்தாலே புள்ளிக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "மெழுகு ஊத்துறவன் திருடன். வெயில்ல மெழுகு உருகும், அப்ப என்ன பண்ணுவான்? குடிக்கிறவன் வயித்துல போய்த் துடைப்பானா?"

கோபம் அவருக்குப் புதிதில்லை. ஒருமுறை நல்ல சட்டை போட்ட ஒருவர் வந்து, வரவேற்பறையில் தொங்கவிட ஒன்று வேண்டும், மேலே பூ வரைந்து தர முடியுமா என்று தன்மையாகத்தான் கேட்டார். தாகமே எடுக்காத ஆளுக்குக் குடுக்கை எதற்கு, போய்ப் பொம்மை வாங்கு என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் வந்தவர்கள் எல்லாரும் திரும்ப வருவார்கள். வாயில்தான் கோபம், புள்ளியில் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கோபத்தில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டவர் அவர் மனைவி. கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு துணித்திரைதான் சுவர். இருபத்திரண்டு வருஷமாக அந்தம்மா எது சமைத்தாலும் முதல் கவளத்திலேயே தீர்ப்பு வந்துவிடும். ஒரு கல் உப்பு கூட, அரைக் கல் உப்பு குறைச்சல், பருப்பு அடியில் பிடித்திருக்கிறது, தண்ணீர் நேற்றையது. சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். "உனக்கெல்லாம் நாக்கா அது, மரக்கட்டை" என்பது அவருடைய பழைய வசனம். ஒருநாள் அவர் வெளியே போயிருந்தபோது, உதவியாக இருக்கட்டுமே என்று அந்தம்மா இரண்டு குடுக்கையை எடுத்துக் குடித்துப் பார்த்து, சரியாகிவிட்டது என்று தனியே எடுத்து வைத்தார். திரும்பி வந்தவர் அந்த இரண்டையும் தெருவில் போட்டு மிதித்து உடைத்தார். அதற்கப்புறம் அந்தம்மா குடுக்கைப் பக்கம் கை நீட்டியதில்லை.

இந்த வருஷம் கோடை தொடங்கும் நேரத்தில் அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் அடித்தது. எட்டாம் நாள் எழுந்து, பழக்கம்போல் குடுக்கையை எடுத்து ஒரு வாய் உருட்டினார். ஒன்றும் இல்லை. அடுத்ததை எடுத்தார். ஒன்றும் இல்லை. அன்றைக்குத்தான் அறுத்த பச்சைக் கசப்புக் காயில் ஊறிய தண்ணீரைக் குடித்தார். குளிர்ச்சி தெரிந்தது, வாயில் தண்ணீர் இருப்பது தெரிந்தது, வேறெதுவும் தெரியவில்லை. மிச்சமிருந்த காய்ச்சல் மாத்திரை ஒன்றை எடுத்துக் கடித்து மென்றார். சுண்ணாம்புக் கட்டி மாதிரி பொடிந்தது. கசக்கவில்லை. நாக்கோடு மூக்கும் போயிருந்தது.

மருந்துக்கடைக்காரர், சிலருக்கு இப்படி ஆகும், தானாக வந்துவிடும், பொறுத்திருங்கள் என்றார். எப்போது என்று கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார். சொல்ல முடியாதவன் எதற்குக் கடை வைத்திருக்கிறான் என்று தெருமுனைவரை திட்டிக்கொண்டே வந்தார். வீட்டில் மூச்சு விடவில்லை. யாரிடமும் விடவில்லை.

புள்ளியை நிறுத்தியிருக்கலாம். ஆனால் கோடைதான் குடுக்கைக்குக் காலம், வாசலில் ஆட்கள் நின்றார்கள். அது கூட இரண்டாவது காரணம்தான். நாக்கு இல்லாத புள்ளிக்காரர் என்று நாலு பேர் சொல்வதை நினைத்தாலே அவருக்கு உடம்பு எரிந்தது. அதனால் பழையபடி வாயில் ஊற்றி உருட்டினார், கண்ணை மூடினார், சாக்கடையில் துப்பினார். துப்பும்போது "இன்னும் போகல" என்று சேர்த்தும் சொன்னார். எல்லாம் வாசலில் நிற்பவர்களுக்காக. உண்மையில் அவர் எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு தண்ணீர் போதும், பாதுகாப்புக்குப் பத்து. பத்தாம் நாள் புள்ளி.

வழி தேடாமலும் இல்லை. பஞ்சர்க்காரரின் நாய்க்கு இரண்டு கிண்ணத்தில் ஊற்றி வைத்துப் பார்த்தார், ஒன்றில் கசப்புத் தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர். நாய் இரண்டையும் நக்கிவிட்டுப் போய்ச் சாக்கடையிலும் நக்கியது. பஞ்சர்க்காரரையே கேட்கலாம் என்றால் அவர் விடிந்ததிலிருந்து புகையிலை மெல்லுகிறவர். அவர் நாக்குக்கு டயரும் தேனும் ஒன்று. மனைவி திரைக்குப் பின்னால்தான் இருந்தார். அந்தப் பக்கம் அவர் நினைப்பு போகவேயில்லை. போயிருந்தால் அதற்கும் கோபப்பட்டிருப்பார்.

தினமும் காலையில் ஒரு துண்டு மாத்திரையை மென்று பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. தினமும் சுண்ணாம்பு. அதன் எரிச்சலை அன்று முழுக்க யார்மேலாவது இறக்கினார். தெருவில், புள்ளிக்காரருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

எண்ணிக்கை அவரைக் காட்டிக்கொடுத்தது கொல்லைச் சுவரோரக் கொடியில். போன வருஷம் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் அந்தக் கொடி வாடி வதங்கித்தான் காய்த்தது. தண்ணீருக்குத் தவித்த கொடியின் காய் கடுங்கசப்பாக இருக்கும், அதற்குப் பதினைந்து தண்ணீரும் போதாது. இது அவருக்குத் தெரியாததில்லை. நாக்கு இருந்த காலத்தில் இதையெல்லாம் நினைவு வைத்துக்கொள்ள அவசியம் இருக்கவில்லை, வாயில் ஊற்றினால் காயே சொல்லிவிடும். அதனால் எந்தக் காய் எந்தக் கொடி என்று அவர் எழுதி வைத்ததும் இல்லை, பிரித்துத் தொங்கவிட்டதும் இல்லை. சுவரோரக் காயும் மற்றக் காய்களோடு சேர்ந்து பத்துத் தண்ணீர் வாங்கிக்கொண்டு, புள்ளியும் வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டது.

ஒரு மத்தியானம் மேஸ்திரியம்மா வந்தார். சாலைக்குத் தார் போடுகிற பதினோரு பேரைக் கட்டி மேய்க்கிறவர். நான்கு நாளைக்கு முன்னால் ஒன்பது குடுக்கை வாங்கிப் போனவர். அவரோடு வந்த இரண்டு ஆட்கள் வாசலிலேயே நின்றுகொண்டார்கள். தண்ணீரோடு கையிலிருந்த குடுக்கையை அவர் பலகைமேல் வைத்த விதத்திலேயே விஷயம் சரியில்லை என்று தெரிந்தது.

"அண்ணே, இது உங்க புள்ளிதானே?"

"என் புள்ளிதான். அதுக்கென்ன?"

"இதுல குடிச்ச என் ஆளு மூணு நாளா எழுந்திருக்கல. கசக்குதுன்னு முதல் வாயிலேயே சொல்லியிருக்கான். புள்ளி இருக்குதே, புதுக் குடுக்கை அப்படித்தான் இருக்கும்னு குடிக்க வச்சது நான்தான். நேத்துலேர்ந்துதான் அவனுக்குத் தண்ணியே உள்ள இறங்குது."

புள்ளிக்காரர் எழுந்து நின்றார். வாய்க்கு வந்தபடி கேட்டார். உன் ஆள் முந்தின நாள் எங்கே என்ன தின்றானோ, தார்ப்புகையில் நிற்கிறவனுக்கு வாந்தி வராமல் என்ன வரும், இத்தனை வருஷத்தில் என் குடுக்கையைக் குறை சொல்லி ஒருவர் இந்த வாசல் ஏறியதுண்டா. தெருவே கேட்டது. பஞ்சர்க்காரர் டியூபைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தார். திரை விலகி, அதன் ஓரத்தில் அவர் மனைவியும் நின்றார். மேஸ்திரியம்மா எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு குடுக்கையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப குடிச்சுக் காட்டுங்க."

அந்த ஒரு நிமிஷத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். குடுக்கையை எடுத்து அண்ணாந்தார். ஒரு வாய் அல்ல, மடக் மடக்கென்று பாதி. குளிர்ச்சி மட்டும் தொண்டையில் இறங்கியது. அந்தக் குளிர்ச்சியையே நம்பினார். வாயைத் துடைத்துக்கொண்டு, "இதுவா கசக்குது? ஊத்துத் தண்ணி மாதிரி இருக்கு" என்றார்.

மேஸ்திரியம்மா இன்னும் ஓர் அடி முன்னால் வந்தார். குடுக்கையை வாங்கிப் பஞ்சர்க்காரரிடம் நீட்டினார். அவர் வாயிலிருந்த புகையிலையைத் துப்பிவிட்டு ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். அடுத்த கணம் இடுப்பை மடக்கிக்கொண்டு சாக்கடைக்கு ஓடினார். காறிக் காறித் துப்பினார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அண்ணே, என் நாக்குக்கே தெரியுதேண்ணே."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் புள்ளிக்காரரைப் பார்த்தார்கள். மேஸ்திரியம்மாவின் முகத்திலிருந்த கோபம் இறங்கிவிட்டது. அதைத்தான் புள்ளிக்காரரால் தாங்க முடியவில்லை. மேஸ்திரியம்மா கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பார்.

"உடம்பு சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. நாங்க காத்திருந்திருப்போமே" என்று மட்டும் சொல்லிவிட்டு மேஸ்திரியம்மா படியிறங்கிப் போனார்.

அன்று மாலைக்குள் புள்ளிக்காரருக்கும் ஆரம்பித்துவிட்டது. வயிறு முறுக்கி முறுக்கி எடுத்தது. பேசினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, வாந்திக்கும் வாந்திக்கும் நடுவில் மருந்துக்கடைக்காரரையும் நாயையும் சுவரோரக் கொடியையும் திட்டினார். கொடியைப் போய் வேரோடு பிடுங்கிப் போடு என்று மனைவியிடம் கத்தினார். அந்தம்மா நகரவில்லை. பேசினைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"இருபத்தோரு நாளா உங்க சோத்துல நான் உப்பே போடல."

அவர் தலையைத் தூக்கினார்.

"தட்டத் தள்ளாம சாப்பிடுறீங்களேன்னு முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ரெண்டு நாள். அப்புறம் சந்தேகம் வந்துச்சு. உப்பைக் குறைச்சேன், அப்புறம் நிறுத்தியே பாத்தேன். ஒண்ணும் சொல்லல நீங்க."

தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். கேட்டார் என்ன, உறுமினார். பாதியில் வாந்தி வந்து கேள்வியை விழுங்கியது. அந்தம்மா பேசினை அலசிக்கொண்டு வந்து திரும்ப வைத்தார்.

"நான் சொல்லியிருந்தா, மரக்கட்டைக்கு என்ன தெரியும்னு கேட்டிருப்பீங்க. நீங்க ஏன் சொல்லல?"

மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர் நேராகத் தார் போடுகிற இடத்துக்குப் போனார். படுத்திருந்த ஆள் அன்றுதான் வேலைக்கு வந்திருந்தான். அவன் முன்னால் போய் நின்று, "கசக்குதுன்னா துப்பணும்டா, எவன் புள்ளியா இருந்தா என்ன" என்று அவனையே திட்டிவிட்டு வந்தார். மிச்ச எட்டுக் குடுக்கையையும் வாங்கிக்கொண்டார். காய்ச்சலுக்குப் பிறகு வெளியே போன மற்றவற்றைத் தேடி இரண்டு நாள் அலைந்தார். வந்து சேர்ந்ததையெல்லாம் அடுப்பருகே குவித்துக் கம்பியைக் காய்ச்சி, ஒவ்வொரு புள்ளியின் மேலும் குறுக்குக்கோடு இழுத்தார். இழுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒன்றிரண்டு ஓட்டில் கம்பி உள்ளேயே இறங்கிவிட்டது.

குவிந்தவை குவிந்தபடி கிடந்தன. கடை திறந்திருந்தது, குடுக்கை ஒன்றும் வெளியே போகவில்லை. வாசலுக்கு வந்தவர்கள் நாக்கு வந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அக்கறையாகத்தான் கேட்டார்கள், அவருக்கு அது ஊசி. மூன்றாம் நாள் திரையைப் பார்த்துப் பொதுவாக, "யாராச்சும் ஒரு வாய் பாத்துச் சொன்னா இந்த வேலை நடக்கும்" என்றார். திரைக்குப் பின்னால் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. சாயங்காலம் இன்னொரு தடவை சொன்னார். இந்த முறை பதில் வந்தது. "மரக்கட்டை கிட்டயா கேக்குறீங்க?"

இரண்டு நாள் அவர் அந்தப் பக்கம் பேசவில்லை. கூழாங்கல்லைப் போட்டு எதையாவது குலுக்கிக்கொண்டே இருந்தார். குலுக்குகிற வேகத்தில் ஒரு குடுக்கை கைதவறிச் சுவரில் மோதி உடைந்தது.

அடுத்த நாள் காலை அவர் மாத்திரையை மெல்லவில்லை. முந்தின நாள் நிரப்பிய ஒரு குடுக்கையை எடுத்துக்கொண்டு, திரையை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. புள்ளிக் கம்பியை அதன் ஓரத்தில் செருகினார். ஒரு டம்ளரை எடுத்து, குடுக்கையிலிருந்து ஊற்றி, மனைவியின் பக்கத்தில் தரையில் வைத்தார். வைத்த வேகத்தில் கொஞ்சம் சிந்தியது.

"பாத்துச் சொல்லு" என்றார். பிறகு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "உன் நாக்குதான் இப்ப இருக்குது" என்றார்.

அந்தம்மா உடனே எடுக்கவில்லை. அரிசி களைந்து முடித்தார். கையைத் துடைத்தார். கம்பி சிவந்தது; புள்ளிக்காரர் அதை வெளியே எடுத்தார், அது ஆறியதும் மறுபடி செருகினார். இரண்டாவது முறை சிவந்தபோதுதான் டம்ளர் தரையை விட்டு எழுந்தது. ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். இந்தக் கன்னம், அந்தக் கன்னம். கண்ணை மூடினார். இருபத்திரண்டு வருஷமாகத் திரை ஓரத்திலிருந்து பார்த்தது அப்படியே வந்தது. தொட்டியில் துப்பினார்.

"கசக்குது. இன்னும் மூணு தண்ணி."

அது பதினான்கு தண்ணீர் மாற்றிய குடுக்கை. அவர் கையில் கம்பி பழுத்திருந்தது. உண்மையிலேயே கசக்கிறதா, இல்லை தள்ளின தட்டுக்கெல்லாம் இன்று பதில் சொல்கிறாளா என்று அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, ஒரு பெரிய வசவு நாக்கின் நுனிவரை வந்து நின்றது. அவர் குனிந்து, குடுக்கையைத் தொட்டியில் கவிழ்த்தார். பிறகு பழுத்த கம்பியைப் பக்கத்திலிருந்த வாளித் தண்ணீருக்குள் குத்தினார். சுர்ரென்று ஆவி எழும்பி இருவர் முகத்திலும் அடித்தது.